எம்டன் கேப்டன் முல்லர்: வேகம் போனதும் வழி அடைந்தது

துணிச்சலும் தந்திரமும் உள்ள ஆளைப் பார்த்தால், அவன் சரியான எம்டன் என்று நம்மவர்கள் சொல்வது வழக்கம். எம்டன் என்பது ஒரு போர்க்கப்பலின் பெயர். 1914-ம் ஆண்டு சென்னையைக் கலங்கடித்த ஜெர்மன் கப்பல் அது. அதன் கேப்டன் கார்ல் வான் முல்லர்.

முல்லர் 1873-ம் ஆண்டு ஜூன் 16-ந்தேதி ஹனோவர் நகரில் பிறந்தார். தந்தை ராணுவ அதிகாரி. ராணுவப் பள்ளியில் சேர்ந்த மகன், 1891-ல் கடற்படைக்கு மாறினார். கிழக்கு ஆப்பிரிக்கப் பகுதியில் வேலை பார்த்தபோது மலேரியா பிடித்தது. அந்த நோய் கடைசிவரை அவரை விடவில்லை. 1913-ல் எம்டனின் பொறுப்பை ஏற்றார். சீனக் கரையிலுள்ள சிங்டாவ் துறைமுகம் அப்போது ஜெர்மனியர் வசம் இருந்தது. கப்பலின் இருப்பிடம் அதுதான்.

தீராத கரிப் பசி

1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டது. ஜெர்மன் கப்பல் கூட்டம் பசிபிக் வழியாகக் கிழக்கே செல்ல முடிவு செய்தது. எம்டன் மட்டும் தனியே இந்துமகா சமுத்திரத்துக்குப் போகட்டும் என்று யோசனை சொன்னவர் முல்லர். தளபதி வான் ஸ்பீ சம்மதித்தார். துணைக்கு ஒரு கரிக்கப்பல் கொடுத்தார்.

நீராவி ரெயில் என்ஜினை அறிந்தவர்களுக்கு எம்டனின் கஷ்டம் எளிதில் புரியும். கரியும் தண்ணீரும் இல்லாவிட்டால் எந்த மெயிலும் நின்றுவிடும். ரெயிலுக்காவது வழியில் ஸ்டேஷன்கள் உண்டு. எம்டன் வேட்டையாடிய பகுதியில் அதற்கு ஒரு துறைமுகம்கூடச் சொந்தமில்லை. மணிக்கு 12 கடல் மைல் வேகத்தில் சிக்கனமாக ஓடினால், நிரப்பிய கரி சுமார் 3,700 கடல் மைலுக்கு வரும். முழு வேகமான 23½ மைலில் ஓடினால் கரிச் செலவு பல மடங்கு ஏறிவிடும். வேகத்தை இரண்டு மடங்காக்க, என்ஜின் ஏறத்தாழ எட்டு மடங்கு சக்தி தர வேண்டும் என்பது கப்பல்காரர்களின் கணக்கு.

ஆகவே முல்லர் எதிரியின் கரியையே பிடித்து எரித்தார். முதலில் ஒரு கிரேக்கக் கப்பலிலிருந்து இந்தியக் கரி கிடைத்தது. அது புகை அதிகம் கக்கும் மட்டரகக் கரி. செப்டம்பர் கடைசியில் பூரெஸ்க் என்ற கப்பல் சிக்கியது. அதில் இங்கிலாந்துக் கடற்படைக்காகச் சென்ற உயர்ந்த வேல்ஸ் கரி இருந்தது. நடுக்கடலில், கொளுத்தும் வெயிலில், மாலுமிகளே மூட்டை சுமந்து கரி ஏற்றினார்கள்.

செப்டம்பர் 22-ந்தேதி இரவு சென்னைக்கு எதிரே வந்த எம்டன், சுமார் 130 குண்டுகளைப் பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. ஜனங்கள் ஊரை விட்டு ஓடினார்கள். இந்தக் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்ற பேச்சு உண்டு. அதற்குச் சான்று கிடைக்கவில்லை.

எம்டன் இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தது. அவற்றின் மாலுமிகளை முல்லர் பத்திரமாக அனுப்பி வைத்தார். எதிரிகளின் பத்திரிகைகளும் இதைப் பாராட்டின.

புகையைக் கண்டு ஏமாற்றம்

நவம்பர் 9-ந்தேதி காலை எம்டன் கோக்கோஸ் தீவுக்கு வந்தது. அங்குள்ள தந்தி நிலையத்தை உடைக்க ஏறத்தாழ 50 பேர் கரையில் இறங்கினார்கள். கரி ஏற்றுவதற்காக பூரெஸ்க்கையும் வரச் சொல்லியிருந்தார் முல்லர். தொலைவில் புகை தெரிந்தது. கரிக்கப்பல்தான் வருகிறது என்று முதலில் நினைத்தார்கள். வந்தது சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல். தந்தி நிலையத்தார் அனுப்பிய அபாயச் செய்தி, சுமார் 50 மைலுக்கு அப்பால் படைகளை ஏற்றிச் சென்ற கப்பல் வரிசைக்குக் கிடைத்திருந்தது. காவலுக்கு வந்த சிட்னி அங்கிருந்து பாய்ந்து வந்தது.

கரையில் இருந்தவர்களை ஏற்ற நேரமில்லை. முல்லர் நங்கூரத்தை எடுத்துப் புறப்பட்டார். ஓடித் தப்பியிருக்கலாமா? சிட்னியின் வேகம் 25½ மைல். மணிக்கு 2 மைல் வீதம் அது நெருங்கும். இருட்ட இன்னும் ஒன்பது மணி நேரம் இருந்தது. அதற்குள் 18 மைல் இடைவெளியையும் சிட்னி விழுங்கிவிடும். எனவே முல்லர் திரும்பிச் சண்டையிட்டார்.

எம்டனின் முதல் குண்டுகள் குறி தவறவில்லை. ஆனால் அதன் குண்டு 17 கிலோ எடை. சிட்னியின் குண்டு 45 கிலோ. சிட்னி தன் வேகத்தைக் கொண்டு எட்டவே நின்று அடித்தது. எம்டனின் சுக்கான் இயக்கம் கெட்டது. என்ஜின்களின் ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்தே கப்பலைத் திருப்ப வேண்டியதாயிற்று. மூன்று புகைபோக்கிகளும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

அடுப்புக்குக் காற்றை இழுத்துக் கொடுப்பது புகைபோக்கிதான். அது விழுந்தால் நெருப்பு மங்கும், நீராவி அழுத்தம் குறையும், வேகம் விழும். வேகம் விழுந்த கப்பலால் ஓடவும் முடியாது, நெருங்கி டார்பிடோ வீசவும் முடியாது. கரி மிச்சமிருந்தும் பயனில்லை.

மிஞ்சிய ஓட்டத்தைக் கொண்டு முல்லர் ஒரு காரியம் செய்தார். வடக்கு கீலிங் தீவின் பவழப் பாறை மேல் கப்பலை ஏற்றினார். நடுக்கடலில் மூழ்கியிருந்தால் உயிரோடிருந்தவர்களும் மாண்டிருப்பார்கள். 130-க்கு மேற்பட்டோர் இறந்தனர். மற்றவர்கள் கைதாகிப் பிழைத்தார்கள்.

கரையில் விடப்பட்டவர்கள் ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலில் ஏறினார்கள். அதற்குக் கரி தேவையில்லை. காற்றை நம்பிப் புறப்பட்ட அவர்களில் பெரும்பாலோர் அரேபியா வழியாக 1915-ல் துருக்கி தலைநகரை அடைந்தார்கள்.

கடைசி நாட்கள்

முல்லர் மால்டாவிலும் பிறகு இங்கிலாந்திலும் சிறை வைக்கப்பட்டார். 1917-ல் சுரங்கம் தோண்டி 20-க்கு மேற்பட்ட தோழர்களுடன் தப்பி, மீண்டும் பிடிபட்டார். மலேரியா முற்றியதால் 1918-ல் சிகிச்சைக்காக ஹாலந்துக்கு அனுப்பப்பட்டார். அந்த ஆண்டே தாயகம் திரும்பினார். உயர்ந்த போர் விருது கிடைத்தது. ஆனால் தன் சாகசத்தைப் புத்தகமாக எழுத அவர் முன்வரவில்லை.

1923-ம் ஆண்டு மார்ச் 11-ந்தேதி, 49-வது வயதில் காலமானார். எம்டன் தனியே வேட்டையாடிய காலம் மூன்று மாதம்கூட இல்லை. நூறு ஆண்டு கடந்தும் அதன் பெயர் தமிழர் பேச்சில் ஓடிக்கொண்டிருக்கிறது.