காட்டுச் செடிகளுக்கு வீடு கொடுத்தவர்

அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த புரோமிலியட் செடிகளுக்குத் தோட்டங்களில் மதிப்பைத் தேடிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் பிரேசில் நாட்டு றொபேட்டோ பூர்லே மார்க்ஸ். 1909 இல் சாவோ பாவுலோவில் பிறந்தார். செடி வளர்க்கப் பழக்கியவர் தாயார்.

1928 இல் குடும்பத்துடன் ஜேர்மனிக்குச் சென்றார். பேர்லின் தாவரவியல் பூங்காவின் கண்ணாடி வீட்டில்தான் தன் நாட்டுச் செடிகளின் அழகைக் கண்டுகொண்டார். பிரேசிலின் தோட்டங்களில் அப்போது ஐரோப்பியச் செடிகளுக்கே மதிப்பு. உள்ளூர்ச் செடிகள் வெறும் பற்றைகளாகவே பார்க்கப்பட்டன.

நாடு திரும்பியவர் காடுகளில் செடி சேகரித்தார். காடழிப்பை வெளிப்படையாக எதிர்த்தார். 1949 இல் றியோ டி ஜெனெய்ரோவுக்கு அருகே குவாரத்தீபாவில் காணி வாங்கி, நிழல் தேவைப்பட்ட செடிகளுக்கு நிழற்பந்தல்கள் அமைத்தார். பல புரோமிலியட்களுக்கு வேர் பற்றிக்கொள்ள மட்டுமே. தண்ணீரை இலைக்குவளை தேக்கிவைக்கும். ஆகவே அவற்றைப் பாறைகளில் வளர்த்தார். றியோவில் இடிக்கப்பட்ட கட்டடங்களின் கருங்கற்களையும் கொண்டுவந்து செடிகளுக்கு இடமாக்கினார்.

1973 இல் அங்கேயே குடியேறினார். சேகரிப்புச் சிதறாதிருக்க 1985 இல் அதை அரசுக்கு எழுதிக்கொடுத்தார். 1994 இல் காலமானார். 3,500 க்கு மேற்பட்ட இனச் செடிகளுள்ள அவ்விடம் 2021 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

முற்றத்துச் செடிகளை விட்டு இடம்பெயர்ந்து, மீளக்குடியேறி மறுபடி நட்ட தர்மபுரம் மக்களுக்கு இவரது கவலை விளங்கும். மாமர நிழலில் ஒரு சாடி புரோமிலியட்டுக்குப் போதும். நுளம்பு பெருகாமல் இலைக்குவளை நீரை வாரந்தோறும் மாற்ற வேண்டும். பூத்த தாய்ச்செடி மெல்லப் பட்டுப்போகும். அதற்குள் பக்கக்கன்று விட்டிருக்கும். அதில் ஒன்றை அயலவருக்குக் கொடுத்துவைத்தால், நம்மிடம் அழிந்தாலும் அவர்களிடம் இருக்கும்.