கொதிகலன் ஆலையில் தொடங்கிய கர்ப்ப ஸ்கேன்: யார் இந்த இயன் டொனால்ட்?

பிரசவ வலி வந்ததும் எல்லோருக்கும் இருக்கும் கவலை ஒன்றுதான்: குழந்தையின் தலை இறங்கிடுச்சா, இல்லையா? காலங்காலமாக இதற்கு விடை சொன்னது டாக்டரின் விரல்கள். இப்போது துணைக்கு ஸ்கேனும் வந்துவிட்டது. அதற்கு வழிபோட்டவர் இயன் டொனால்ட்.

போர்க்களத்திலிருந்து கிளாஸ்கோவுக்கு

இங்கிலாந்தின் கார்ன்வாலில் 1910-ல் பிறந்தவர். சிறுவயதில் சில காலம் தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தார். லண்டனில் மருத்துவம் படித்து, இரண்டாம் உலகப் போரில் விமானப்படை மருத்துவராக இருந்தார். எரியும் விமானத்திலிருந்து வீரர்களை மீட்டதற்காக விருதும் பெற்றார். ரேடார், சோனார் பற்றி அவருக்குத் தெரியவந்தது அங்கேதான்.

1954-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேறு பேராசிரியர் ஆனார். கப்பலும் இயந்திரமும் தயாராகும் ஊர் அது. இரும்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று அங்குள்ள ஆலைகள் மீயொலியை அனுப்பிப் பார்த்தன. இரும்புக்குள் பார்க்க முடிந்தால், வயிற்றுக்குள் முடியாதா?

1955 ஜூலை 21. அறுவை சிகிச்சையில் அகற்றிய கட்டிகளை காரில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கொதிகலன் ஆலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாட்டிறைச்சித் துண்டும் இருந்தது. நீர்க்கட்டி ஒரு விதமாகவும், திடமான கட்டி வேறு விதமாகவும் எதிரொலித்தன. அவ்வளவுதான், அவருக்குப் பிடி கிடைத்துவிட்டது.

கேலியை நிறுத்திய நோயாளி

டாம் பிரவுன் என்ற இளம் இன்ஜினியர் தானாகவே போன் செய்து வந்து சேர்ந்தார். ஜான் மெக்விகார் என்ற டாக்டரும் இணைந்தார். ஆனாலும் சக டாக்டர்கள் பலர் இதை விளையாட்டாகவே பார்த்தார்கள்.

அப்போதுதான் வயிறு வீங்கிய ஒரு பெண்ணின் கேஸ் வந்தது. முற்றிய வயிற்றுப் புற்றுநோய், இனி எதுவும் செய்ய முடியாது என்று முடிவு செய்திருந்தார்கள். டொனால்டின் கருவியோ பெரிய நீர்க்கட்டி என்று காட்டியது. கட்டியை அகற்றினார்கள், அது புற்றுநோயே இல்லை. அந்தப் பெண் பிழைத்தார். கேலியும் நின்றது.

1958 ஜூன் 7 அன்று லான்செட் இதழில் மூவரின் கட்டுரை வெளியானது. கருவிலிருக்கும் குழந்தையின் மீயொலிப் படங்களும் அதில் இருந்தன.

தலையை அளந்தவர்

மண்டையோட்டு எலும்பு எதிரொலியைத் தெளிவாகத் திருப்பி அனுப்பும். இதை வைத்து குழந்தையின் தலை அகலத்தை வயிற்றுக்கு வெளியிலிருந்தே அளக்கும் முறையை டொனால்ட் குழு உருவாக்கியது. அவரிடம் பணியாற்றிய ஸ்டூவர்ட் கேம்ப்பெல் 1960-களில் அதைத் துல்லியமாக்கினார். கர்ப்பத்தின் ஆரம்பத்தில், தண்ணி குடிச்சிட்டு வாங்க என்கிறார்களே, சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் கரு நன்றாகத் தெரியும் என்று கண்டுபிடித்ததும் டொனால்ட்தான்.

1967-ல் பிரிட்டனில் வந்த கருக்கலைப்புச் சட்டத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். இதயக் கோளாறுக்குப் பலமுறை அறுவை சிகிச்சை செய்துகொண்டும் வேலையை விடவில்லை. 1976-ல் ஓய்வு பெற்றார். 1987 ஜூன் 19 அன்று காலமானார்.

இன்று பிரசவ அறையில்...

விரலால் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நீண்ட பிரசவத்தில் குழந்தையின் உச்சந்தலை வீங்கும். அந்த வீக்கம் விரலில் தட்டுப்பட்டால், தலை நிஜத்தைவிடக் கீழே இருப்பதுபோலத் தோன்றும். ஒரே தாயைப் பார்க்கும் இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்வதும் உண்டு.

ஸ்கேன் கருவியை வெளியே, பிறப்புறுப்பின் மேல் வைத்தால், தாயின் முன்பக்க இடுப்பெலும்பும் குழந்தையின் மண்டையோடும் திரையில் தெரியும். இரண்டுக்கும் இடையிலான கோணத்தை அளக்கிறார்கள். கோணம் கூடக் கூட, தலை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். சுமார் 116 டிகிரி என்றால், தலை இடுப்புக்குழியின் நடுமட்டத்துக்கு வந்துவிட்டது.

எல்லாப் பிரசவத்துக்கும் இது தேவையில்லை. பிரசவம் நின்றுபோனாலோ, வேக்குவம் அல்லது ஆயுதம் போடுவதற்கு முன்போ உதவும் என்கிறது மகப்பேறு மீயொலிக்கான சர்வதேச சங்கத்தின் 2018 வழிகாட்டுதல். தலை இன்னும் மேலேயே இருக்கும்போது வேக்குவம் போட்டால் அது தோற்று, கடைசியில் சிசேரியனில் முடியலாம். தாய்க்கும் குழந்தைக்கும் அந்த அலைச்சலைத் தவிர்க்க முடிகிறதா என்பதுதான் இந்த அளவீட்டின் பயன்.