ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கு உழைத்த கொலைக் கைதி: மானிப்பாயில் பிறந்த டாக்டர் மைனர் 'குற்றவாளி இல்லை' என விடுவிக்கப்பட்டது ஏன்?

1872 பிப்ரவரி 17, சனிக்கிழமை. அதிகாலை 2 மணி இருக்கும். லண்டனின் லாம்பெத் பகுதியில் ஜார்ஜ் மெரெட் என்ற தொழிலாளி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மதுபான ஆலையில் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடுற வேலை. வீட்டில் 6 குழந்தைகள், மனைவி எலைசா மறுபடியும் கர்ப்பம். திடீரென்று பின்னாடி ஒருத்தர் துரத்திக்கொண்டு வருகிறார். அடுத்தடுத்து துப்பாக்கிச் சத்தம். மெரெட் அங்கேயே சரிந்தார். உயிர் பிழைக்கவில்லை.

சுட்டவர் ஓடவில்லை. போலீஸ் வந்தபோது துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தார், தான்தான் சுட்டதாக ஒப்புக்கொண்டார். ஆள் யார் என்று விசாரித்தால் அமெரிக்க ராணுவத்தில் இருந்த டாக்டர். பெயர் வில்லியம் செஸ்டர் மைனர், வயது 37. செத்தவரை அதுக்கு முன்னாடி அவர் பார்த்ததே இல்லை. பணம் பறிக்கவில்லை, சண்டை இல்லை, பழைய பகையும் கிடையாது.

அப்புறம் ஏன் சுட்டார்?

யார் இந்த மைனர்?

மைனர் பிறந்தது யாழ்ப்பாணத்துப் பக்கம், மானிப்பாயில். வருஷம் 1834. அப்பா ஈஸ்ட்மன் ஸ்ட்ராங் மைனர், அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர், அங்கே இருந்த மிஷன் அச்சகத்தை நடத்தியவர். தமிழ் அச்சு வரலாற்றில் அந்த அச்சகத்துக்குத் தனி இடம் உண்டு. 1842-ல் வெளியான, மானிப்பாய் அகராதி என்றும் யாழ்ப்பாண அகராதி என்றும் சொல்லப்படுகிற பெரிய தமிழ் அகராதி அமெரிக்க மிஷன் வெளியிட்டதுதான். அப்போ மைனருக்கு 8 வயசு. பின்னாளில் ஓர் ஆங்கில அகராதிக்காகப் பல வருஷம் உழைத்த மனிதர், தமிழ் அகராதி அச்சான ஊரில் வளர்ந்தவர் என்பது யாரும் திட்டமிட்டு எழுத முடியாத பொருத்தம்.

மூணு வயசில் அம்மாவை இழந்தார். 14 வயசில் அவரைப் படிப்புக்காக அமெரிக்கா அனுப்பினார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்தது 1863-ல். படிக்கும்போதே கைச்செலவுக்காக வெப்ஸ்டர் அகராதியின் 1864 பதிப்பு வேலையிலும் உதவியாளராக இருந்தார். அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். வடக்குப் படையில் ராணுவ மருத்துவராகச் சேர்ந்தார்.

போர்தான் அவர் மனதைக் கெடுத்ததா?

இவரைப் பற்றிப் பேசும் எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள். படையை விட்டு ஓடிப் பிடிபட்ட ஓர் ஐரிஷ் சிப்பாயின் கன்னத்தில் சூடு போடும் வேலையை மைனரிடம் கொடுத்தார்கள், அதிலிருந்துதான் ஐரிஷ்காரர்கள் பழிவாங்க வருகிறார்கள் என்ற பயம் பிடித்தது என்பார்கள். கேட்க அப்படியே சினிமா மாதிரி இருக்கும். 2019-ல் மெல் கிப்சன், ஷான் பென் நடித்து வந்த படத்திலும் இந்தச் சூடு உண்டு. ஆனா அந்தக் கதைக்கு உறுதியான ஆவணம் கிடையாது. மனநோய்க்கு ஒரே ஒரு சம்பவத்தைக் காரணமாகக் காட்டினால்தான் நமக்கு நிம்மதி. நோய் அப்படி வருவதில்லை.

ஆவணங்களில் இருப்பது வேற. போர் முடிந்து சில வருஷத்தில் அவர் நடத்தை மாறியது. நியூயார்க்கில் பணியில் இருந்தபோது விலைமாதர் பகுதிகளில் அலைந்தார். மேலதிகாரிகள் கவனித்து ஃப்ளோரிடாவுக்கு மாற்றினார்கள். சந்தேகம், பயம் எல்லாம் அங்கேயும் கூடவே போனது. 1868-ல் வாஷிங்டனில் உள்ள அரசு மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஒன்றரை வருஷம் ஆகியும் முன்னேற்றம் இல்லை. கடைசியில் உடல்நலம் சரியில்லை என்று ஓய்வூதியம் கொடுத்து ராணுவம் அனுப்பிவிட்டது.

1871-ல் இடம் மாறினால் சரியாகும் என்ற நினைப்பில் லண்டன் போனார். போனது லாம்பெத் மாதிரி ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதிக்கு. துப்பாக்கியும் கூட எடுத்துப் போனார்.

அந்த ராத்திரி நடந்தது என்ன?

மைனருக்கு ராத்திரி ஆனாலே பயம். தூங்கும்போது ஆட்கள் அறைக்குள் நுழைகிறார்கள், விஷம் வைக்கப் பார்க்கிறார்கள், உடம்பை அசிங்கப்படுத்துகிறார்கள் என்று நம்பினார். கொலைக்குச் சில மாதம் முன்னாடியே ஸ்காட்லாந்து யார்டு போலீஸிடம் போய் இதைப் புகாராகவே சொல்லியிருக்கிறார். அவர்கள் கேட்டுக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

பிப்ரவரி 17-ம் தேதி விழித்தபோது, கட்டிலின் கால்மாட்டில் ஒரு ஆள் நிற்பதாக அவருக்குத் தெரிந்தது. அந்த ஆள் வெளியே ஓடியதாக நினைத்துத் துரத்திக்கொண்டு தெருவுக்கு வந்தார். தெருவில் கண்ணில் பட்டது வேலைக்குப் போன ஜார்ஜ் மெரெட்.

அப்போ நோக்கமே இல்லாத கொலை என்று சொல்ல முடியுமா? முடியாது. மைனருக்கு ஒரு நோக்கம் இருந்தது, தெளிவாகவே இருந்தது. தன் அறையில் புகுந்தவனைப் பிடிக்க வேண்டும். அறையில் யாரும் புகவில்லை, அதுதான் பிரச்சினை.

நீதிமன்றம் எதைப் பார்த்தது?

1872 ஏப்ரலில் வழக்கு கிங்ஸ்டனில் விசாரணைக்கு வந்தது. அப்போது இங்கிலாந்து நீதிமன்றங்கள் கையில் வைத்திருந்த அளவுகோல் மெக்நாட்டன் விதி. பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்ற டேனியல் மெக்நாட்டன் என்பவர் மனநிலை சரியில்லை என்று விடுவிக்கப்பட்டு, அதனால் நாடே கொதித்த பிறகு, 1843-ல் நீதிபதிகள் வகுத்துக் கொடுத்தது. சுருக்கமாக இரண்டு கேள்விகள். செய்யும் நேரத்தில், தான் என்ன செய்கிறோம் என்று அந்த ஆளுக்குத் தெரிந்ததா? தெரிந்திருந்தால், அது தப்பு என்பது தெரிந்ததா? இந்த இரண்டில் ஒன்று மனநோயால் தெரியாமல் போயிருந்தால் குற்றப் பொறுப்பு இல்லை.

இதிலே ஒரு சிக்கலும் இருக்கு. பிரமையில் செய்த குற்றத்தைப் பற்றியும் அந்த நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிரமை நிஜமாகவே நடந்தது என்று வைத்துக்கொண்டு எடைபோட வேண்டுமாம். ஒருவன் தன்னைக் கொல்ல வருகிறான் என்று நம்பிச் சுட்டால், அது தற்காப்பு. தனக்குக் கெடுதல் செய்தவன் என்று நம்பிப் பழிவாங்கினால், தண்டனை உண்டு. மைனர் விஷயத்தில் எழுத்துக்கு எழுத்து பார்த்தால் என்ன ஆகும்? அவர் கணக்குப்படி வந்தவன் ஓடிவிட்டான். ஓடுகிறவனைத் தெருவரைக்கும் துரத்திச் சுட்டதைத் தற்காப்பு என்று சொல்வது கஷ்டம்.

ஜூரிகள் அவ்வளவு நூல் பிடித்துப் பார்க்கவில்லை. அவர்கள் முன்னாடி வந்த சாட்சியங்கள் அந்த மாதிரி. புகார் வந்ததை ஸ்காட்லாந்து யார்டு அதிகாரி உறுதி செய்தார். சிறையில் ராத்திரி காவலுக்கு இருந்த ஊழியர் ஒருவர் இன்னொன்று சொன்னார். விடிந்ததும், தன்னைக் கெடுப்பதற்கு யாரிடமோ காசு வாங்கியிருப்பதாக மைனர் அந்த ஊழியர் மேலேயே பழி போடுவாராம். அமெரிக்காவில் இருந்து வந்த குடும்பத்து ஆளும் பழைய பயங்களைப் பற்றிப் பேசினார். கொலைக்கு 4 வருஷம் முன்பே மருத்துவமனையில் இருந்த வரலாறும் உண்டு. மாட்டிக்கொண்ட பிறகு பைத்தியம் வேஷம் போடுகிறவருக்கு இப்படி முன்கூட்டியே பதிவுகள் இருக்காது.

மனநிலை பாதிப்பு காரணமாகக் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்தது.

விடுதலை ஆனாரா?

இல்லை. பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். குற்றவாளி இல்லை என்று ஆன அதே நாளில், எப்போது வெளியே வருவார் என்று தேதியே இல்லாத காவலுக்குள் போனார். அரச உத்தரவு வரும்வரை அடைத்துவைக்கலாம் என்பது 1800-லிருந்து இருந்த சட்டம். பெர்க்‌ஷயர் மாவட்டத்தில் உள்ள பிராட்மூர் மனநலக் காப்பகத்தில் வைத்தார்கள். அங்கே அவர் இருந்தது 38 வருஷம். சிறைத் தண்டனை கொடுத்திருந்தால் இவ்வளவு காலம் உள்ளே இருந்திருப்பாரா என்பது கேட்க வேண்டிய கேள்விதான். தூக்குதான் அன்றைக்குக் கொலைக்குத் தண்டனை என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்.

வசதிக்குக் குறைவில்லை. ராணுவ ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. இரண்டு அறைகள் கொடுத்தார்கள். லண்டன் புத்தகக் கடைகளில் இருந்து பழைய நூல்களை வரவழைத்து ஓர் அறையை நூலகம் ஆக்கினார்.

அகராதி எப்படி வந்தது?

1879-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியரான ஜேம்ஸ் மர்ரே பொதுமக்களிடம் உதவி கேட்டார். ஒவ்வொரு சொல்லும் எந்தக் காலத்தில், எந்த நூலில், என்ன பொருளில் வந்தது என்று படித்துக் குறித்து அனுப்ப வேண்டும். 1880-களின் தொடக்கத்தில் மைனர் அதில் சேர்ந்தார்.

மற்றவர்கள் படிக்கும்போது கண்ணில் பட்டதை அனுப்பினார்கள். மைனர் முறையே வேற. ஒவ்வொரு புத்தகத்துக்கும் பொடி எழுத்தில் சொல் அட்டவணை போட்டு வைத்துக்கொண்டார். ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கடிதம் எழுதி இப்போது எந்தச் சொல்லில் வேலை நடக்கிறது என்று கேட்பார். பிறகு தன் அட்டவணைகளைத் திறந்து, அந்தச் சொல்லுக்கு மட்டும் மேற்கோள்களை எடுத்து அனுப்புவார். இது ஆசிரியர் குழுவுக்குக் கேட்டதும் கிடைக்கிற ஊற்று. ஆயிரக்கணக்கில் அனுப்பினார். கடந்த 4 நூற்றாண்டுச் சொற்களை மைனரின் மேற்கோள்களை மட்டும் வைத்தே விளக்கிவிடலாம் என்ற அளவுக்கு 1899-ல் மர்ரே பாராட்டினார்.

மைனரை ஏதோ காப்பகத்து டாக்டர் என்று நினைத்து மர்ரே பார்க்கப் போனார், அங்கே அவரே நோயாளி என்று தெரிந்து அதிர்ந்தார் என்று ஒரு கதை 1915-ல் பத்திரிகையில் வந்து இன்றுவரை சுற்றுகிறது. அது நிஜமில்லை. 1891 ஜனவரியில் முதல் தடவை பார்க்கப் போகும் முன்பே மர்ரேவுக்கு விஷயம் தெரியும்.

இவ்வளவு புத்திசாலி எப்படி மனநோயாளி ஆவார்?

இந்தக் கேள்வி அன்றும் வந்தது, இன்றும் ஒவ்வொரு கொலை வழக்கிலும் டிவி விவாதத்தில் வருகிறது. திட்டம் போட்டிருக்கிறார், படித்தவர், தெளிவாகப் பேசுகிறார், அப்போ நடிக்கிறார் என்று சொல்லிவிடுகிறோம். மைனர் வாழ்க்கை அதுக்கு நேர் எதிரான சாட்சி. பகலில் 16-ம் நூற்றாண்டு நூலில் ஒரு சொல்லின் பொருள் எப்படி மாறியது என்று துல்லியமாகக் குறித்துக்கொண்டிருந்த அதே மனிதர், ராத்திரியில் தரை வழியாக ஆட்கள் வருகிறார்கள் என்று கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்தார். மறுநாள் காலையில் அதையும் புகாராக எழுதிக் கொடுத்தார். அறிவு மங்கவில்லை, பிரமையும் போகவில்லை. 38 வருஷமும் இரண்டும் ஒரே தலைக்குள் இருந்தன.

கொன்றதை அவர் மறுக்கவில்லை. மெரெட்டின் மனைவி எலைசாவிடம் வருத்தம் தெரிவித்தார், குடும்பத்துக்குப் பண உதவியும் போனது. சில வருஷம் கழிச்சு எலைசா அவரைப் பார்க்க பிராட்மூருக்கே வந்தார். கொஞ்ச காலம் லண்டனில் இருந்து புத்தகங்கள்கூட வாங்கி வந்து கொடுத்தார். இதைக் காதலாக மாற்றியது சினிமா. 7 குழந்தைகளோடு நிர்க்கதியாக நின்ற ஒரு பெண் எதுக்காக அங்கே போனார் என்பதை அவர் தரப்பில் இருந்து யாரும் எழுதி வைக்கவில்லை. மைனருக்கு வாழ்க்கை வரலாறு இருக்கு, மெரெட்டுக்கு இல்லை.

நோய் முற்றிக்கொண்டே போனது. 1902 டிசம்பரில் பிரமையின் உச்சத்தில் தன்னைத் தானே கொடூரமாகக் காயப்படுத்திக்கொண்டார். அகராதி வேலை அத்தோடு நின்றது. தளர்ந்துபோன அவரை வீட்டார் பக்கம் அனுப்பச் சொல்லி மர்ரே விடாமல் முயற்சி எடுத்தார். 1910-ல் உத்தரவு போட்ட உள்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில்.

இந்தியச் சட்டத்தில் இப்போது என்ன?

மைனரைக் காப்பாற்றிய அதே விதியின் சாரம்தான் 1860-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-வது பிரிவாக வந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவு. மனநோய் இருக்கிறது என்று டாக்டர் சான்றிதழ் காட்டினால் மட்டும் போதாது. குற்றம் நடந்த அந்த நேரத்தில் செயலின் தன்மையோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்பதோ தெரியாத நிலையில் இருந்தாரா என்பதுதான் கேள்வி. 1964-ல் ஒரு குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அந்த நேரத்து மனநிலையை அறிய, சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அவர் எப்படி இருந்தார் என்பதைப் பார்க்கலாம். நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. ஆனா அரசுத் தரப்பு அளவுக்குச் சந்தேகமே இல்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. இங்கேயும் விடுவிக்கப்பட்டவர் நேராக வீட்டுக்குப் போய்விட முடியாது. பாதுகாப்பான காவலில் வைக்கலாம், அல்லது உறவினர்கள் பொறுப்பேற்று உத்தரவாதம் கொடுத்தால் அவர்களிடம் ஒப்படைக்கலாம்.

கடைசிக் காலம்

மைனரைத் திரும்ப வாஷிங்டனில், 1868-ல் சேர்த்த அதே மருத்துவமனையில்தான் வைத்தார்கள். மனச்சிதைவு நோய் என்று இன்று சொல்லப்படுவதன் அன்றைய பெயர் அவருடைய நோய்க்குறிப்பில் ஏறியது அங்கேதான். கொலை நடந்து 40 வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. 1919-ல் கனெக்டிகட் மாநிலத்தில் முதியோருக்கான மனநல இல்லத்துக்கு மாற்றினார்கள். 1920 மார்ச் 26-ல் நிமோனியாவால் இறந்தார். வயது 85. அடக்கம் செய்தது, மானிப்பாயை விட்டு வந்த பிறகு படித்து வளர்ந்த நியூ ஹேவனில்.

மர்ரே 1915-லேயே போய்விட்டார். அகராதியின் முதல் பதிப்பு முழுசாக முடிந்தது 1928-ல்.