நார்மன் பிரிட்சார்ட்

நார்மன் கில்பர்ட் பிரிட்சார்ட் (ஜூன் 23, 1875 – அக்டோபர் 30, 1929) பிரித்தானிய இந்தியாவில் பிறந்த விரைவோட்ட வீரரும் நடிகரும் ஆவார். 1900 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் இரண்டு வெள்ளிப் பதக்கங்களை வென்றவர். ஆசியாவில் பிறந்து ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் வீரர் இவரே. அப்பதக்கங்கள் எந்த நாட்டுக்குரியவை என்பதில் இன்றளவும் கருத்து வேறுபாடு உள்ளது.

இளமை

ஆங்கிலேயப் பெற்றோருக்குக் கல்கத்தாவில் (இன்றைய கொல்கத்தா) பிறந்தார். பழைய நூல்கள் சில பிறந்த ஆண்டை 1877 எனத் தருகின்றன. புனித சேவியர் கல்லூரியில் பயின்றார். வங்காள மாகாண 100 யார் ஓட்டத்தில் 1894 முதல் 1900 வரை தொடர்ந்து ஏழு முறை முதலிடம் பெற்றார். காற்பந்தாட்டத்திலும் வல்லவர், 1900 முதல் 1902 வரை இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் செயலாளராக இருந்தார்.

பாரிஸ் 1900

1900 இல் இங்கிலாந்து சென்ற பிரிட்சார்ட், அங்கு நடைபெற்ற தடகள வாகைப் போட்டியில் 120 யார் தடைதாண்டும் ஓட்டத்தில் அமெரிக்கரான ஆல்வின் கிரேன்ஸ்லைனுக்கு அடுத்ததாக வந்தார். பின்னர் பாரிசில் ஐந்து போட்டிகளில் கலந்து கொண்டார். 60 மீட்டர், 100 மீட்டர் ஓட்டங்களில் இறுதிச் சுற்றை எட்டவில்லை. 110 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தின் இறுதிச் சுற்றில் ஓட்டத்தை முடிக்கவில்லை. 200 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் கிரேன்ஸ்லைன் 25.4 வினாடிகளில் முதலாவதாகவும் பிரிட்சார்ட் 26.6 வினாடிகளில் இரண்டாவதாகவும் வந்தனர். 200 மீட்டர் ஓட்டத்தில் அமெரிக்கரான வால்டர் டியூக்ஸ்பரி (22.2 வினாடிகள்) வெல்ல, பிரிட்சார்ட் 22.8 வினாடிகளில் இரண்டாமிடம் பெற்றார். இவை ஓடுதளத்தில் அல்லாமல், பூலோன் காட்டிலிருந்த ஒரு விளையாட்டுக் கழகத்தின் மேடுபள்ளமான புல்தரையில் நடைபெற்றன.

பதக்கம் யாருக்கு?

தங்கம், வெள்ளி, வெண்கலம் வழங்கும் முறை 1904 இல்தான் தொடங்கியது. எனவே பிரிட்சார்டின் வெள்ளிகள், பெற்ற இடத்தைக் கொண்டு பிற்காலத்தில் கணக்கிடப்பட்டவை. அப்போது தேசிய அணிகளும் கட்டாயமில்லை; வீரர்கள் பெரும்பாலும் தனியாகவோ கழகங்களின் வழியாகவோ பங்கேற்றனர். இந்திய ஒலிம்பிக் சங்கம் தோன்றியதே 1927 இல்தான். ஆகவே அன்று கேட்கப்படாத ஒரு கேள்விக்குப் பின்னாளில் விடை தேட வேண்டியதாயிற்று.

அவர் ஆங்கிலேயர் என்பதையும் இங்கிலாந்துப் போட்டியில் ஓடிய பின்னரே பாரிஸ் சென்றார் என்பதையும் ஒரு சாரார் சுட்டுகின்றனர். அவர் பிறந்து, பயின்று, ஓடப் பழகியது கல்கத்தாவில் என்பது மறு சாரார் வாதம். பன்னாட்டு ஒலிம்பிக் குழு இப்பதக்கங்களை இந்தியாவின் கணக்கில் வைத்துள்ளது. பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்போ தான் வெளியிட்ட புள்ளிவிவர நூலில் பிரித்தானியாவின் பெயரில் சேர்த்தது. இந்தியா என்று கொண்டால், தடகளத்தில் அதன் அடுத்த பதக்கம் 2021 இல் டோக்கியோவில் நீரஜ் சோப்ரா வென்ற தங்கமே. 2024 இல் அதே பாரிசில் மனு பாக்கர் இரண்டு பதக்கங்களை வென்றபோது, விடுதலை பெற்ற இந்தியாவில் முதல்வர் என்று அடைமொழியோடு குறிப்பிட நேர்ந்ததற்கும் பிரிட்சார்டே காரணம்.

நடிப்பு

1905 அளவில் இந்தியாவை விட்டு நீங்கி, இங்கிலாந்திலும் பின் அமெரிக்காவிலும் நார்மன் டிரெவர் என்னும் பெயரில் நாடகங்களில் நடித்தார். பின்பு ஹாலிவுட் ஊமைப் படங்களுக்கு வந்தார். 1926 இல் வெளியான போ ஜெஸ்ட் படத்தில் மேஜர் டி போஜொலே வேடமேற்றார். அதே ஆண்டில் டான்சிங் மதர்ஸ் படத்திலும் நடித்தார். பேசும் படங்கள் பரவத் தொடங்கிய 1929 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் நார்வாக் நகரில் காலமானார்.