ஐயாயிரம் படிகளும் எஞ்சிய ஒன்றும்: ஓவியர் சித்தபிரசாத்

சித்தபிரசாத் பட்டாச்சார்யா 1915-ஆம் ஆண்டு வங்காளத்தின் நைஹாட்டியில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். பின்னர்ப் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தைத் துறந்து, சித்தபிரசாத் என்று மட்டுமே அறியப்பட்டார். பட்டத்தைத் துறப்பது ஆதிக்கச் சாதியில் பிறந்தவருக்கு எளிது. ஒடுக்கப்பட்டவர் எந்தப் பெயரை விட்டாலும் சாதி அவரை விடுவதில்லை. ஆகவே அவரைப் பெயரைக் கொண்டன்று, பணியைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

சிட்டகாங்கில் கல்லூரியில் பயின்ற அவர், விவசாயிகள் இயக்கத்தின் வழியே பொதுவுடைமைக் கட்சிக்கு வந்தார். அதற்காகச் சுவரொட்டிகள் வரைந்தார். 1943-இல் வங்கப் பஞ்சம் சுமார் 30 லட்சம் உயிர்களைப் பறித்தது. நிலமற்ற கூலிகளும் மீனவர்களுமே முதலில் மடிந்தனர்; அவர்களுள் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர், ஏழை முஸ்லிம்கள். மிதுனாப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்ற சித்தபிரசாத், பட்டினியில் கிடந்தோரை மைக்கோடுகளில் வரைந்தார்; வெறும் எண்ணிக்கையாக மறைந்திருக்க வேண்டியவர்களின் கதைகளையும் எழுதினார். ‘பசித்த வங்காளம்’ என்ற அந்நூலின் 5,000 படிகளைப் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து அழித்தது. குடும்பத்தாரிடம் எஞ்சிய ஒரு படியைக் கொண்டு 2011-இல் அது மறுபதிப்புக் கண்டது.

1946-இல் பம்பாயில் குடியேறிய அவர், லினோ செதுக்கு அச்சில் ஆழ்ந்தார். லினோலியத் தகட்டில் உளியால் செதுக்கிய இடம் வெண்மையாகும்; எஞ்சிய மேடு மையேற்றுக் கருமையாகப் பதியும். பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. கரண்டியின் முதுகால் தாளை அழுத்தித் தேய்த்தாலே படம் விழும். ஒரே தகட்டிலிருந்து பல படிகள் எடுக்கலாம். செல்வர் வீட்டுச் சுவரில் தொங்கும் ஒற்றை ஓவியத்திற்கு நேர்மாறாக, கூலித் தொழிலாளியின் குடிசைக்கும் அது செல்லும். சீனத்தில் 1931-இல் லூ சுன் மரச்செதுக்குப் பயிற்சியைத் தொடங்கி வைத்ததும் இந்த எளிமையை நம்பியே.

பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதில் உழைத்த சிறுவர்களைச் சித்தபிரசாத் செதுக்கிய வரிசை, 1969-இல் டென்மார்க்கில் நூலாயிற்று. அந்தேரியில் வறுமையில் வாழ்ந்த அவர், 1978-இல் கல்கத்தாவில் மறைந்தார்.

ஒடுக்கப்பட்டோரை வரைவதற்கு அவர் வந்தார். இன்று அவர்களே உளியை ஏந்த வேண்டும். அம்பத்தூரின் தொழிற்கூடங்களையும், ஆவடி, பூந்தமல்லியின் தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளையும் அறிந்த மாணவர்கள் தம் மக்களின் முகங்களைத் தாமே செதுக்கலாம். ஒரு தகடு, ஓர் உளி, சிறிது மை போதும்.