சு. சி. பிள்ளை

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை (ஏப்ரல் 5, 1901 - ஆகஸ்ட் 31, 1950) எண் கோட்பாட்டில் சிறந்த பங்களிப்புகளைச் செய்த தமிழ்நாட்டுக் கணிதவியலாளர் ஆவார். வாரிங் சிக்கல் தொடர்பான ஆய்வுகளுக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். சீனிவாச இராமானுசனுக்குப் பின் இந்திய எண் கோட்பாட்டில் தோன்றிய முதன்மையான ஆய்வாளர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார்.

வாழ்க்கை

இவர் செங்கோட்டைக்கு அருகிலுள்ள வல்லம் என்னும் ஊரில் (இன்றைய தென்காசி மாவட்டம்) சுப்பையா பிள்ளை, கோமதி அம்மாள் ஆகியோரின் மகனாகப் பிறந்தார். ஓராண்டுக் குழந்தையாக இருந்தபோது தாயை இழந்தார். பள்ளியின் இறுதியாண்டில் தந்தையும் காலமானார். படிப்பு நின்றுவிடக்கூடிய அந்நிலையில், இவருடைய திறமையை அறிந்திருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் பொருளுதவி செய்தார். அதனால் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும் பின்னர் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றார்.

1927 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்து, பேராசிரியர் கே. ஆனந்த ராவின் வழிகாட்டலில் ஆய்வு செய்தார். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். இவரது முக்கியமான முடிவுகள் பலவும் இக்காலத்தைச் சேர்ந்தவை. பின்னர் திருவிதாங்கூர், கல்கத்தா பல்கலைக்கழகங்களிலும் பணிபுரிந்தார்.

வாரிங் சிக்கல்

எந்தவொரு நேர்ம முழு எண்ணையும் அதிகபட்சம் நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்பதை 1770 இல் லாக்ராஞ்சி நிறுவினார். உயர் அடுக்குகளுக்கு இதுபோல எத்தனை எண்கள் தேவை என்பதே வாரிங் சிக்கல் ஆகும்.

ஆறாம் அடுக்கை எடுத்துக்கொள்வோம். 703 என்னும் எண், மூன்றின் ஆறாம் அடுக்கான 729 ஐ விடச் சிறியது. எனவே அதை 64, 1 ஆகிய இரண்டை மட்டும் கொண்டே அமைக்க முடியும். பத்து 64 களும் அறுபத்து மூன்று 1 களும் சேர்ந்து, மொத்தம் 73 எண்கள் தேவைப்படுகின்றன. ஆகவே 73 க்குக் குறைவான எண்ணிக்கை போதாது என்பது எளிதில் விளங்கும். எவ்வளவு பெரிய முழு எண்ணாக இருந்தாலும் 73 போதும் என்று காட்டுவதே கடினம். அதைப் பிள்ளை 1940 இல் நிறுவினார். இதற்கு முன்னர், 1936 அளவில், ஆறுக்கு மேற்பட்ட அடுக்குகளுக்கான பொது வாய்பாட்டை ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு நிறுவியிருந்தார். அமெரிக்கக் கணிதவியலாளர் டிக்சனும் ஏறத்தாழ அதே காலத்தில் தனித்து இம்முடிவை அடைந்தார். ஐந்தாம் அடுக்குக்கான விடை (37) 1964 இலும், நான்காம் அடுக்குக்கான விடை (19) 1986 இலுமே கிடைத்தன.

பிற ஆய்வுகள்

அடுத்தடுத்து வரும் 16 அல்லது அதற்குக் குறைவான முழு எண்களை எடுத்துக்கொண்டால், அவற்றுள் ஒன்றேனும் மற்ற எல்லாவற்றுடனும் 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாததாக இருக்கும் எனப் பிள்ளை நிறுவினார். 17 எண்களுக்கு இது பொருந்தாது. 2184 முதல் 2200 வரையுள்ள எண்கள் இதற்கு எடுத்துக்காட்டு. இரு அடுக்கு எண்களுக்கு இடையிலான வேறுபாடு பற்றிய இவரது ஊகம் இன்றும் நிறுவப்படவில்லை. ஒருவகைப் பகா எண்கள் பிள்ளை பகா எண்கள் என இவர் பெயரால் வழங்கப்படுகின்றன. அவற்றுள் மிகச் சிறியது 23.

மறைவு

1950 இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு தங்கி ஆய்வு செய்ய இவருக்கு அழைப்பு வந்தது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற பன்னாட்டுக் கணிதவியலாளர் மாநாட்டிலும் பங்கேற்க இருந்தார். அமெரிக்காவுக்குச் செல்லும் வழியில், ஆகஸ்ட் 31 அன்று எகிப்தின் கெய்ரோ அருகே விமானம் விபத்துக்குள்ளாகி, அதிலிருந்த 55 பேரும் உயிரிழந்தனர். அப்போது பிள்ளைக்கு வயது 49. இவரது ஆய்வுக் கட்டுரைகள் தொகுக்கப்பட்டு, இராமானுசன் கணிதக் கழகத்தால் 2010 இல் இரு தொகுதிகளாக வெளியிடப்பட்டன.