கல்லில் காலத்தைப் படித்த துரை

தஞ்சைச் சீமையில் நெல்லுக்குப் பஞ்சம் வந்த காலமும் உண்டு. கல்லுக்கோ என்றைக்குமே பஞ்சம்தான். கும்பகோணத்திலிருந்து மாயவரம், அங்கிருந்து பூம்புகார் என்று வரப்பு வரப்பாக நடந்து போனாலும் காலில் இடற ஒரு கல் அகப்படாது. எங்கும் காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ராஜராஜன் பெரிய கோயிலை எழுப்பியபோது கருங்கல் அத்தனையும் வெளியிலிருந்துதான் வந்தது. ஆனால் தஞ்சை நகரை விட்டுத் தென்மேற்கே ஏழு மைல் போய் வல்லத்தை எட்டினால் காட்சி மாறிவிடுகிறது. தரை மேடேறுகிறது; மண் சிவக்கிறது; செம்பூராங்கல் தலை காட்டுகிறது.

தஞ்சை ஜில்லாவின் தென்பகுதி, புதுக்கோட்டைச் சமஸ்தானம், மதுரைச் சீமை ஆகியவற்றின் மண்ணையும் பாறையையும் ஆராய்ந்து 1879-ல் அரசாங்கத்துக்குக் குறிப்பு எழுதினார் ஒரு வெள்ளைக்காரர். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பது அவர் பெயர். மண்ணை அளக்க வந்த அந்த உத்தியோகஸ்தர்தான் இந்த நாட்டில் மனிதன் எவ்வளவு பழையவன் என்பதை முதன்முதலில் காட்டியவர்.

இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி பிறந்த ஃபூட், 1858-ஆம் ஆண்டின் கடைசியில் இந்தியப் பூகர்ப்ப ஸர்வே இலாகாவில் சேர்ந்தார். சென்னை ராஜதானியில் வேலை. அவர் மணந்துகொண்ட பெண்ணின் தகப்பனார் தமிழ் உலகுக்கு அந்நியரல்ல. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவரும், சென்னையில் தினவர்த்தமானி பத்திரிகையை நடத்தியவரும், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவருமான பெர்சிவல் பாதிரியார்தான் அவர். மாமனார் பழமொழி பொறுக்கினார். மருமகன் கல் பொறுக்கினார்!

அந்தக் கல்லின் கதை 1863-ஆம் ஆண்டு மே 30-ந் தேதி தொடங்குகிறது. சென்னைக்கு அருகே பல்லாவரத்தில், பட்டாளம் அணிவகுக்கும் மைதானத்தை ஒட்டிச் சரளைக்காக வெட்டிய பள்ளம் ஒன்று இருந்தது. அதைப் பார்வையிட்ட ஃபூட்டின் கண்ணில் விசித்திரமான ஒரு கல் பட்டது. ஓடைத் தண்ணீரில் உருண்டு வழவழத்த கல் அல்ல அது. வேண்டுமென்றே செதில் செதிலாகத் தட்டிக் கூராக்கியது. கைப்பிடியில் அடங்கும் கோடரி. அப்போது அவருக்கு வயது 28.

இப்படிப்பட்ட கற்களை மனிதன் செய்தான் என்பதை ஐரோப்பியப் பண்டிதர்களே ஒப்புக்கொண்டு அப்போது நான்கு வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பிரான்சில் சோம் நதிக்கரையில் கிடைத்த கல் ஆயுதங்களைப் பற்றி 1859-ல் நடந்த விவாதங்களை ஃபூட் படித்திருந்தார். அந்தப் படிப்பு இல்லாவிட்டால் பல்லாவரத்துக் கல் பள்ளத்திலேயே கிடந்திருக்கும். அதே ஆண்டு செப்டம்பரில், சக அதிகாரி வில்லியம் கிங்குடன் சென்று, கொற்றலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டெடுத்தார்.

கல்லைக் கண்டெடுத்தது பெரிதல்ல. அது எந்த அடுக்கில் கிடந்தது, அந்த அடுக்கை அங்கே கொண்டுவந்து சேர்த்தது ஆறா கடலா, கருவிக்கு வேண்டிய குவார்ட்ஸைட் பாறை எந்த மலையில் கிடைக்கும் என்றெல்லாம் கேட்டாரே, அங்கேதான் அவருடைய பெருமை இருக்கிறது. அதுவரை பழங்காலம் என்றால் ஓலைச்சுவடியும் கல்வெட்டும் நாணயமும்தான். எழுத்தே இல்லாத மனிதனுடைய கதையை மண்ணையும் ஆற்றையும் விலங்கின் எலும்பையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும் என்று நடந்து காட்டியவர் ஃபூட்.

எல்லாவற்றிலும் அவர் சரியாகவே சொன்னார் என்று எண்ணிவிடக் கூடாது. கரையோரச் செம்பூராங்கல் படிவுகள் கடலடியில் உண்டானவை என்று ஆரம்பத்தில் அவர் நம்பினார். அந்த அபிப்பிராயம் பின்னாளில் நிற்கவில்லை. வயதைக் கணக்கிடும் வழியும் அன்று கிடையாது. அத்திரம்பாக்கத்தைச் சாந்தி பப்பு குழுவினர் மறுபடியும் தோண்டி, பௌதிக முறைகளால் கணித்து, அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வயது என்று 2011-ல் வெளியிட்டார்கள். ஃபூட் கனவிலும் கண்டிராத கணக்கு!

தஞ்சையைப் பற்றிய கேள்விக்கும் அவர் காட்டிய வழியே உதவுகிறது. டெல்டாவில் ஆதிமனிதனின் கல் ஆயுதம் ஏன் கண்ணில் படுவதில்லை? மனிதனே இல்லை என்று முடிவு கட்டலாமா? செதுக்கக் கல் இல்லாத பூமி அது. கொண்டுவந்து போட்டிருந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு வெள்ளம் வந்து மூடியிருக்கும். ஆகவே மேட்டைப் பார்க்க வேண்டும். அல்லது ஆழத்தைப் பார்க்க வேண்டும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980-களில் வல்லத்து மேட்டில் தோண்டியபோது இரும்புக் கால மக்களின் கறுப்பு சிவப்புப் பானைகள் கிடைத்தன. ஆழத்துக்குச் சாட்சி பூம்புகார். 1960-களில் கீழையூரில் மண்ணுக்கடியிலிருந்து செங்கல்லால் கட்டிய படகுத்துறையும் மரக்கம்பங்களும் வெளிவந்தன. அந்த மரத்தின் வயதைச் சொன்னது ரசாயனச் சாலை: கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியது.

ஃபூட்டின் கூர்மைக்கு இன்னோர் உதாரணம் பல்லாரிச் சாம்பல் மேடுகள். பீமன் கொன்ற இடும்பாசுரனை எரித்த சாம்பல் என்றார்கள் ஊரார். எரிமலைக் கழிவு என்றவர்களும், கூட்டமாகப் பிணம் சுட்ட இடம் என்றவர்களும் இருந்தார்கள். ஃபூட் கிளறிப் பார்த்தார். கற்கோடரி, பானையோடு, மாட்டெலும்பு. இது கற்கால மாட்டிடையர்களின் பட்டி. மலைமலையாகக் குவிந்த சாணம் எரிந்து இறுகிய சாம்பல் என்றார். அறுவடை முடிந்த வயலில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் கிடை போடுவதைப் பார்த்திருக்கும் தஞ்சை மிராசுதாரர் யாருக்கும் இது சட்டென்று விளங்கியிருக்கும். பண்டிதர்களுக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று. 1957-ல் உட்னூரில் ஆல்ச்சின் என்ற ஆங்கிலேயர் தோண்டி, எரிந்த சாம்பல் அடுக்குகளுக்கிடையே பட்டி அடைத்த வேலிக்கால் குழிகளையும் மாட்டுக் குளம்படிகளையும் கண்ட பிறகே வழக்கு முடிந்தது.

கர்நூல் பக்கத்துப் பில்லசுர்கம் குகைகளில் 1884, 85-ஆம் ஆண்டுகளில் நடந்த தோண்டலில் தம் மகன் ஹென்றியையும் ஈடுபடுத்தினார். மகன் பீரங்கிப் படை அதிகாரி. அங்கே கிடைத்த விலங்கெலும்புகளைப் பார்த்து இனம் பிரித்தவர் அத்துறை நிபுணர் லிடெக்கர். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் ஒப்படைக்கும் குணம் ஃபூட்டிடம் இருந்தது. உத்தியோகச் செருக்கு மிகுந்த அந்தக் காலத்தில் இது சாமானியமல்ல.

1891-ல் ஓய்வு பெற்றும் ஓயவில்லை. பரோடா சமஸ்தானத்துக்குப் பூகர்ப்ப ஆராய்ச்சி செய்து கொடுத்தார். ஏற்காட்டில் வீடு. நாற்பதாண்டுகள் சேர்த்த கற்களும் பானையோடுகளும் 1904-ல் சென்னை அரசாங்கப் பொருட்காட்சி சாலையின் சொத்தாயின.

ஒவ்வொரு பொருளும் எந்த ஜில்லாவில், எந்த ஊரில், எந்த மண்ணில் கிடைத்தது என்று ஜாபிதா எழுதுவதிலேயே கடைசிக் காலம் கழிந்தது. 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தாவில் காலமானார். ஜாபிதா 1914-லும், அதற்கு அவர் எழுதிய விளக்கம் 1916-லும் சென்னையில் அச்சாகி வெளிவந்தன.